ராஜாவைச் சாய்க்கிறவள்

ஜூலை 4
மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் செஸ் வகுப்பு. கோபத்தையும் அழுகையையும் ஆளப் பழகுவார்களாம். ஆட்டம் முடிந்ததும் மனசில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு பிள்ளையும் சொல்ல வேண்டும். இவள் எப்போதும் "ஒண்ணுமில்ல" என்கிறாளாம். அப்பா செத்ததற்கே அழாதவள்.

ஜூலை 11
செஸ் சார் கூப்பிட்டுப் புகழ்ந்தார். தோற்றால் மற்ற பிள்ளைகள் காய்களை வீசுகிறார்களாம். இவள் ராஜாவைத் தானே சாய்த்துத் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுக்கிறாளாம்.
"ஜெயிக்கற ஆட்டத்தையே விட்டுக்கொடுத்துடறாம்மா. அவ்வளவு பக்குவம்."
சிரித்துக்கொண்டுதான் வந்தேன். வாசல் தாண்டியதும்தான் உறைத்தது. ஜெயிக்கிறதை எதுக்கு விடணும்?

ஜூலை 12
தையல் கடையில் ஒரு சட்டைக்குப் பொத்தான் காஜாவை முதுகுப் பக்கம் எடுத்துவிட்டேன். "இதைப் போடறவனுக்கு நெஞ்சு பின்னாடியா?" என்றார் மாஸ்டர். கடையே சிரித்தது. நானும்.

ஜூலை 19
அப்பா கடைசியாக வாங்கித் தந்த வாட்சைத் தோழிக்குக் கொடுத்துவிட்டாள். ஏன்டி என்றேன். "எனக்கு எதுக்கும்மா."
சாப்பிடும்போது கேட்டாள். "நீ தனியா இருந்துக்குவியாம்மா?"
கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். என்ன கேள்வி இது — யாரிடம் போய்ச் சொல்வேன்?

ஜூலை 20
வேலைக்குப் போகவில்லை. சாரிடம் எல்லாம் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது அவருக்கு. பக்குவம் என்று நினைத்தேனே என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவளை மனநல டாக்டரம்மாவிடம் கூட்டிப்போக அவரும் கூட வந்தார். அவளைத் தனியாக விடாதீர்கள் என்றார்கள். திரும்பும்போது சாரிடம் ஒரு பலகையும் காய்களும் கேட்டு வாங்கினேன்.

ஜூலை 23
குதிரை எப்படிப் போகும் என்று வேண்டா வெறுப்பாகச் சொல்லித் தந்தாள். பாதி ஆட்டத்தில் ராஜாவைச் சாய்த்துக் கை நீட்டினாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.
"நிமித்தி வைடி. ஆடு."
"தோத்துட்டேன்னு சொல்றேன்ல."
"எனக்கு அதெல்லாம் தெரியாது."
வெறித்துப் பார்த்தாள். பயமாக இருந்தது. பிறகு நிமிர்த்தி வைத்தாள்.

ஆகஸ்ட் 2
மாத்திரை சாப்பிடுகிறாள். பேச்சில்லை. குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். தண்ணீர்ச் சத்தம் நின்றால் என் மூச்சும் நிற்கிறது.

ஆகஸ்ட் 9
அடுப்பை அணைத்துவிட்டு வந்தால் பலகையில் என் யானையைக் காணோம்.
"வெட்டிட்டேன்" என்றாள்.
"எதை வெச்சுடி வெட்டுன? உன் காய் ஒண்ணுகூட அந்தப் பக்கம் இல்லையே."
"உனக்குத்தான் ஆடவே தெரியாதே."
கை மூடியிருந்தது. பிரித்தேன். உள்ளே யானை. திருட்டுக் கழுதை என்று நன்றாகத் திட்டினேன். அவளும் விடவில்லை, மூக்கு சிவக்கச் சண்டை போட்டாள். போட்டுக்கொண்டே அழுதாள். அப்பா அப்பா என்று அழுதாள்.
ஜெயிக்கணுமாம் அவளுக்கு.