பவுனுவின் முன்னங்கால்

காப்பார்
1.3.2023

அன்பு லோகா,

இதை அந்தப் பக்கம் வரும் பக்கத்து வீட்டு வாணியிடம் கொடுத்தனுப்புகிறேன். போனில் நீ கத்துவதும் என் காதில் விழாமல் போவதும் போதுமடா. உன் அக்கா நலம், நீ எட்டிப் பார்ப்பதே இல்லை என்று புலம்புகிறாள். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு நான் இன்னும் கோலூன்றித்தான் நடக்கிறேன்.

பவுனு ஒன்பது பந்தயம் ஜெயித்துவிட்டாள். ஞாயிறு ஓடுவதுதான் கடைசி. அப்புறம் ஈப்போ பண்ணையில் குட்டி போட வேண்டியவள். மாப்பிள்ளை பார்ப்பது போல் ஆண் குதிரைகூடப் பார்த்து வைத்துவிட்டார்கள். இடது முன்னங்கால் நரம்பைத் தினமும் விடியலில் புறங்கையால் தொட்டுப் பார். கொஞ்சம் சூடு தெரிந்தாலும் லாயத்தை மேற்பார்க்கும் மண்டோர் ரோஸ்லியிடம் சொல்லிவிடு, ஓட விடமாட்டார். இருபத்தெட்டு வருஷமாகப் பார்த்த லாயத்தை உன்னை நம்பித்தான் விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
உன் மாமா கார்த்திகேசு

*

சாலாக் செலாத்தான்
6.3.2023

அன்புள்ள மாமாவுக்கு,

எப்படி எழுதுவதென்றே தெரியவில்லை. நேற்று பவுனு போய்விட்டாள். கடைசி வளைவில் இடது முன்னங்கால் முறிந்து விழுந்தாள். மூன்று காலில் எழுந்து நின்றாள், மாமா. சுற்றித் திரை பிடித்து டாக்டர் ஊசி போட்டுவிட்டார்.

என்மேல் கோபப்படாதீர்கள். காலையில் தொட்டபோதே கொதித்தது. மண்டோர் தூரத்திலிருந்து, "காக்கி மாச்சாம் மானா, லோகன்?" என்று மலாயில் கால் எப்படி என விசாரித்தார். நான் அவசரத்தில், "சூடா" என்றேன். அவர் காதில் அது 'ஆயிற்று' என்கிற மலாய் 'சுடா'வாக விழுந்திருக்கிறது. கால் பார்த்து முடிந்தது என்று நினைத்து ஓட விட்டுவிட்டார். எல்லாம் ஒரு சொல்லால் வந்தது. தன் காதுதான் அவளைக் கொன்றது என்று அவர் அழுகிறார். ஒரு வரியாவது பதில் போடுங்கள்.

உங்கள்,
லோகன்

*

காப்பார்
9.3.2023

லோகா,

இரண்டு நாளாக நீ எழுதியதை நம்பினேன். அந்தச் சொல்லைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். இன்று பல் துலக்கும்போதுதான் உறைத்தது.

ரோஸ்லியிடம் நாம் எப்போதடா தமிழில் பேசினோம்? தேத்தண்ணி சுட்டால்கூட அவரிடம் 'பானாஸ்' என்றுதானே சொல்வாய்? பள்ளிக்கூடத்திலிருந்து மலாய் பேசுகிறவனுக்கு அன்றைக்கு மட்டும் தமிழ் வந்துவிட்டதா?

நீ சொன்னது 'சுடா'தான். காலைத் தொடாமலே, பார்த்தாயிற்று என்று சொல்லியிருக்கிறாய். அதை அப்படியே எழுதியிருந்தால் உன்னை அடித்திருப்பேன், கூட உட்கார்ந்து அழுதும் இருப்பேன். நீயோ பழியை அந்த மனிதரின் காதில் போட்டுவிட்டாய்.

முதலில் அவரிடம் போய் உண்மையைச் சொல். சொன்ன பிறகும் இந்த வீட்டு வாசலுக்கு வராதே.

கார்த்திகேசு