பொய்க் கையெழுத்து

தமிழ்ப் பள்ளி, சாலை பஜார், திருவனந்தபுரம்
11 ஜூன் 2025

பொன்செல்வியின் அப்பா வீரபாண்டி அவர்களுக்கு,

வணக்கம். மூன்றாம் வகுப்பு ஆசிரியை பத்மப்ரியா எழுதுகிறேன். ஒரு கதைப்புத்தகம் படித்தால் ஒரு ஸ்டார். ஐந்து ஸ்டார் சேர்ந்தால், பத்தொன்பதாம் தேதி வாசிப்பு தினத்தன்று மேடையில் கலர் பென்சில் டப்பா. ஸ்டார் ஒட்டும் அட்டையில் ‘கேட்டவர்’ என்ற இடத்தில் ஐந்து முறையும் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

இன்று அவளிடம் யானைக் கதையை நடுவில் திறந்து கொடுத்தேன். ஒரு வரிகூட வரவில்லை. முதல் பக்கத்தைக் கொடுத்தேன், கடகடவென்று சொன்னாள். புத்தகத்தைத் தலைகீழாக்கினேன், அப்போதும் நிறுத்தவில்லை. ஐந்து ஸ்டாரையும் பிய்த்துவிட்டேன். வருத்தத்தோடு எழுதுகிறேன், நீங்கள் போட்டது பொய்க் கையெழுத்து.

இப்படிக்கு,
பத்மப்ரியா


12 ஜூன்

டீச்சர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பெயிண்ட் கடையில் லோடு இறக்குகிறவன்தான். ஆனால் பொய்யாக ஒரு கோடுகூடக் கிழிக்கிறவன் இல்லை. நான் விழிஞ்ஞத்தில் துறைமுக வேலை பார்த்த ரெண்டு வருஷமும் பிள்ளை மலையாளப் பள்ளியில் படித்தாள். இங்கே சேர்த்த இந்த மாசம்தான் அவள் தமிழ் எழுத்தையே பார்க்கிறாள்.

“டீச்சர் பறஞ்சாங்கப்பா, அஞ்சு புஸ்தகம் படிச்சிட்டு வரணும்” என்று வந்து நின்றாள். தமிழ் வகுப்பானாலும் நீங்கள் அதை மலையாளத்தில்தானே சொன்னீர்கள்? மலையாளத்தில் வாசிக்கிறதுக்கு ‘வாயிக்குக’ என்று தனிச் சொல் இருக்கிறது. ‘படிச்சு’ என்றால் அவளுக்கு மனப்பாடம். ஒரு வரி நான் வாசிக்க, ஒரு வரி அவள் சொல்ல, அஞ்சு புத்தகமும் நெட்டுருப் போட்டாள். எனக்கே இது கொஞ்சம் ஜாஸ்தியாகத்தான் பட்டது. கேரளாவில் பள்ளிக்கூடம் இப்படித்தான் போல என்று விட்டுவிட்டேன். அவள் சொன்னாள், நான் கேட்டேன், கையெழுத்துப் போட்டேன். இதில் பொய் எங்கே டீச்சர்?

ஸ்டாரை மற்ற பிள்ளைகள் முன்னால் பிய்த்தீர்களாம். நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

வீரபாண்டி


13 ஜூன்

வீரபாண்டி அவர்களுக்கு,

நீங்கள் சொல்வது சரிதான். வலியசாலையில் எங்கள் வீட்டுத் தமிழில் ‘படிச்சியா’ என்றால் வாசித்தாயா என்றுதான் அர்த்தம். அந்தப் பழக்கத்தில் மலையாளம் பேசும்போதும் வாய் தவறிவிட்டது. ஆனாலும் வாசிக்கத் தெரியாத குழந்தைக்கு ஸ்டார் கொடுத்தால், மற்ற இருபத்திரண்டு குழந்தைகளுக்கு நான் என்ன பதில் சொல்வது? புதன்கிழமைக்குள் பழகாத ஒரே ஒரு வரியை அவளே வாசித்துக் காட்டட்டும். மேடையில் ஏற்றுவது என் பொறுப்பு.

கையெழுத்து விஷயத்தைத் தலைமையாசிரியரிடம் கொண்டுபோகவில்லை. கவலைப்படாதீர்கள்.

பத்மப்ரியா


17 ஜூன்

டீச்சர் அவர்களுக்கு,

நீங்கள் கேட்டபடி நாலு நாளாக எழுத்துக் கூட்டப் பழக்கினேன். நேற்று சாயங்காலம் என் சட்டையைத் துவைக்கப் போட எடுத்தவள், பையிலிருந்த உங்கள் முதல் கடிதத்தை வெளியே எடுத்தாள். கடைசி வரியில் விரலை வைத்தாள். “பொ... ய்... பொய்... க்... கை...” நான் பிடுங்கியிருக்கலாம். பிள்ளை முதல்முதலாகத் தானே வாசிக்கிறாள் என்று பாவி மனசு பார்த்துக்கொண்டே நின்றுவிட்டது. முழுசாக முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“பொய்க் கையெழுத்தாப்பா போட்டே?”

இல்லை என்றேன். “டீச்சர் எழுதியிருக்காங்களே” என்றாள். எழுதியிருப்பதெல்லாம் நிஜம் என்று நினைக்கிற வயசு. வெட்கமாக இருந்தது டீச்சர், தப்புப் பண்ணாமலே.

மேடையும் வேண்டாம், பென்சில் டப்பாவும் வேண்டாம். அந்தக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். கடைசி வரியை அடித்துவிட்டு, நிஜத்தை உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள். பெரிய எழுத்தாக எழுதுங்கள். அவள் வாசிக்க வேண்டும்.

அட்டையில் இடம் இல்லாததால் இங்கேயே போடுகிறேன்.

வாசித்தவள்: பொன்செல்வி
வாசித்தது: ஒரு வரி, பழகாதது
கேட்டவர்: வீரபாண்டி, தகப்பன்