என் பல்லு, சார்

ஜூன் 10, செவ்வாய்
காலையிலிருந்து நான் கட்டிய ஒரே முன்பல்லோடு போராட்டம். மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்திருக்கிறது. பக்கத்துப் பல்லைவிட வெள்ளை தூக்கலாம். பல் கட்டிக்கொள்கிற அந்தம்மா காபியை நிறுத்தினால் என் வேலை முடியும்!

பூந்தமல்லி ஆஸ்பத்திரி லேபில் கூப்பிட்டிருக்கிறார்கள். இதே பல் கட்டும் வேலைதான். ஆனால் ஞாயிறு லீவு, பொழுதோடு வீடு. மாதக் கடைசிக்குள் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டோடு வர வேண்டுமாம். ஒரிஜினலுக்கு எங்கே போவேன்? சேர்ந்த அன்றே அது எங்கள் முதலாளி தட்சிணாமூர்த்தி சாரின் பீரோவுக்குள் போய்விட்டது. என்னுடையது மட்டுமா, இந்த வேலப்பன்சாவடி லேபில் எல்லாருடையதும் அங்கேதான்.

ஜூன் 12
கேட்டேவிட்டேன். "பத்திரமா கீது, அகல்யா. உங்கப்பா போனப்ப யாரு வேல குடுத்தது? உன்ன என் பொண்ணாட்டம் வச்சிகினு கீறேன். இன்னாத்துக்கு இப்ப அது?" என்றார்.

பொண்ணாட்டமாம். அவர் பொண்ணு சர்ட்டிபிகேட் அவளிடம்தான் இருக்கும்.

ஜூன் 13
அம்மாவிடம் சொன்னேன். "சோறு போட்ட கை, அகல்யா" என்றாள். அவ்வளவுதான்.

ஜூன் 17
அம்மா பூச்சி மாத்திரை வாங்கி வந்திருக்கிறாள். தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிக்கிறேனாம், வயிற்றில் பூச்சியாம். "பக்கத்துல படுக்கவே பயமா கீதுடி." எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் தாடை விண்விண்ணென்று தெறிக்கிறது.

ஜூன் 20
பல் அச்சு வார்க்கும் மாவு, புது மூட்டை வந்தது. சோதித்துப் பார்க்க எங்களில் யாராவது வாயைக் கொடுக்க வேண்டும். இன்று என் முறை. பக்கத்து மேசை பிரசன்னா என் பல்லை அச்செடுத்து மாவு ஊற்றினான். மாடல் இறுகியதும் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "இன்னாக்கா, கெழவன் பல்லாட்டம் தேஞ்சிகீது?"

கடைவாய்ப் பல் முனையெல்லாம் மழுங்கிச் சப்பையாகக் கிடக்கிறது. தினமும் ஊரார் வாயைப் பார்க்கிறேன். என் வாயை ஏன் பார்க்கவில்லை?

ஜூன் 21
மாடலில் பேர் எழுதாமல் மேசையில் வைத்தது எங்கள் தப்பு. சார் யாரோ பேஷன்ட் என்று நினைத்துவிட்டார். கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து எல்லாரையும் கூப்பிட்டார். "இத்தப் பாருங்க. ராத்திரி பூரா பல்லக் கடிக்கிறான் இந்தாளு. எங்கயோ வசமா மாட்டிகினு கீறான், பாவம். ஊட்ல இன்னா கொடும பண்றாங்களோ."

வாய் தானாகப் பேசிவிட்டது. "அது என் பல்லு, சார். ஊட்ல ஒரு கொடுமையும் இல்ல."

சார் மாடலைத் துணியால் துடைத்தார். எதற்குத் துடைத்தாரோ.

ஜூன் 23
சார் தன் கையாலேயே எனக்கு ஒரு நைட் கார்டு செய்துகொண்டு வந்திருக்கிறார்! தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ளும் தட்டு. ஓர் இடத்தில்கூடக் குத்தவில்லை. "இனிமே கடிச்சாலும் பல்லு தேயாது" என்றார்.

பீரோ? மூச்சே இல்லை. ஐயோ, இன்னா மனுசன் இவரு — திட்டவும் முடியல. அழுகை அழுகையா வருது. தேங்க்ஸ் சார்னு வேற சொல்லித் தொலச்சேன்.

ஜூன் 28, சனி
விடிந்து பார்த்தால் நைட் கார்டு வாயில் இரண்டு துண்டு. அம்மா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம், "போய்க் கேளுடி" என்றாள்.

சார் மேசையில் துண்டுகளை வைத்தேன். சேர்த்து வைத்துப் பார்த்தார். "இன்னும் தடியா ஒண்ணு போட்டுத் தரட்டா?" குரல் இறங்கியிருந்தது.

"வேணாம் சார். பீரோவத் தொறங்க."

ஆகஸ்ட் 10, ஞாயிறு
லீவு. நன்றாகத் தூங்கினேன். பூந்தமல்லியில் சேர்ந்த புதிதில் நானே செய்துகொண்ட நைட் கார்டு டப்பாவில் தூசி. கடைசியாக எப்போது போட்டேன் என்று ஞாபகமே இல்லை.

மத்தியானம் பிரசன்னா போன் செய்தான். என் வேலையும் இப்போது அவன் தலையில்தானாம். "காலைல எந்திரிச்சா தாடை வலிக்குதுக்கா."

"உன் சர்ட்டிபிகேட்டு?"

"பீரோலதான் கீதுக்கா."

"புது மாவு வந்தா நீயே வாயக் குடு," என்றேன். "மாடல்ல பேரு எழுதாம மேசைல வை."