பத்தொன்பதாவது கேள்வி

திங்கட்கிழமை, காலை பத்து மணி

அன்புள்ள மாடிப் பெண்ணுக்கு,

இங்கு நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழியில்லை, ஏனென்றால் உன் கடிதம் முழுக்க ஆற்றின் நலம்தான் இருக்கிறது. தண்ணீர் எத்தனை அடி, சேறு எவ்வளவு, ஓட்டம் என்ன வேகம் என்று மூன்று பக்கம். நீ சாப்பிடுகிறாயா என்பதற்கு ஒரு வரி இல்லை. தேதியும் போடவில்லை. தேதி போடாத கடிதத்தை நான் படித்த கான்வென்ட் விடுதியில் தபாலில் சேர்க்கவே மாட்டார்கள்.

அந்த ஆற்று ஆய்வு முகாமில் கைபேசிக்குச் சிக்னல் கிடையாது, வாரம் ஒரு முறை சாமான் வண்டியில்தான் தபால் வரும் என்று எழுதியிருந்தாய். ஒருவிதத்தில் நல்லது. போனில் நான் எது சொன்னாலும் 'சரி ஓனரம்மா, சரி ஓனரம்மா' என்று சொல்லி வைத்துவிடுவாய். கடிதம் என்றால் நான் முடிக்கும் வரை நீ இருந்தே ஆக வேண்டும்.

உன் குளியலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. வருகிறேன் என்று சொன்ன நாளுக்கு நான்காம் நாள் பிளம்பர் வந்தான். பழுது பார்த்துவிட்டு, 'இந்தக் குழாய்க்கு உங்க வயசு இருக்கும்மா' என்றான். 'இருக்கட்டும், நான் சொட்டறதில்ல' என்று சொல்லி அனுப்பினேன். உன் நூலகப் புத்தகங்கள் இரண்டையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஒன்றில் முப்பத்தாறாம் பக்கத்தில் உன் காபிக் கறை இருந்தது. சொல்லாமல் கொடுக்க மனம் வரவில்லை. நூலகரிடம் காட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

தினமும் காலையில் மாடி அறை ஜன்னல்களைத் திறந்து வைக்கிறேன். பூட்டிக் கிடந்தால் சுவரில் ஈரம் ஏறும். அதற்காகத்தான் படி ஏறுகிறேன். மூட்டு வலியோடு எதற்கு ஏறுகிறீர்கள் என்று எழுத வேண்டாம்.

வேலைக்கு வரும் அம்மாள், 'மாடிப் பொண்ணு இல்லாம வீடு பரீட்சை ஹால் மாதிரி இருக்குதும்மா' என்கிறாள். பரீட்சை ஹால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்லி அவளைப் பாத்திரம் தேய்க்க அனுப்பினேன்.

இப்போது உன் படிவம். முகாமுக்குக் கிளம்பும் அவசரத்தில் என் கையில் திணித்துவிட்டு, 'நீங்கதான் எழுதணும், ப்ளீஸ்' என்று ஓடினாய். என்ன திட்டம் என்று நீ சொன்னது பாதி. மீதியை நானே கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துத் தெரிந்துகொண்டேன். உலகம் முழுவதிலிருந்தும் முதல் வரிசையில் நிற்கும் கல்லூரி மாணவர்களில் நாற்பது பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் வருடம் படிப்பு. இரண்டாம் வருடம் வேறொரு நாட்டில் ஒரு நிறுவனத்தில் வேலை. எந்த நாட்டில் இருந்தாலும் இரண்டு வருடமும் நாற்பது பேரும் ஒரே வீட்டில் சேர்ந்து வசிக்க வேண்டும். பேராசிரியரிடம் ஒரு கடிதம், ஆய்வு வழிகாட்டியிடம் ஒன்று. மூன்றாவது, உறவினர் அல்லாத, ஒரு வருடத்துக்கு மேல் உன்னோடு ஒரே கூரையின் கீழ் இருந்த ஒருவரிடம். அது நான்.

ஆறு பக்கம், இருபத்தேழு கேள்விகள். முதலில் வேறு தாளில் எழுதிப் பார்த்து, பிறகு கறுப்பு மையில் நகல் எடுத்து, போன வாரம் அனுப்பிவிட்டேன். என்ன எழுதினேன் என்று கேட்காதே. உன் குறைகளையும் கேட்டிருந்தார்கள். ஈரத் துண்டை நாற்காலியில் போடுவது, பல் துலக்கும்போது பாடுவது, என் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய்த் திருப்பி வைக்காமல் இருப்பது, மூன்றையும் எழுதினேன். உள்ளதை எழுதினால் உனக்குக் கோபம் வராது என்று தெரியும்.

ஒரே ஒரு கேள்விதான் அசட்டுத்தனமாக இருந்தது. பத்தொன்பதாவது. 'வாய்ப்புக் கிடைத்தால் இவருடன் மறுபடியும் ஒரே வீட்டில் வசிக்க விரும்புவீர்களா? காரணம் கூறுக.' ஒரு வீட்டுச் சொந்தக்காரியிடம் கேட்கிற கேள்வியா இது? குறுக்கே ஒரு கோடு இழுத்து, 'பொருந்தாது' என்று எழுதினேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. ஆற்றில் இறங்கும்போது இடுப்பில் கயிறு கட்டிக்கொள்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்


புதன்கிழமை, மாலை

அன்புள்ள பெண்ணுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. நடந்துகொண்டே படிக்கும் பழக்கம் உனக்கு உண்டு.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு உன் திட்ட அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் போன் செய்தார். நம் மொழி பேசுகிறவராகவே பார்த்துப் பேச வைத்திருந்தார்கள். பேராசிரியர் உன்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாராம். ஆய்வு வழிகாட்டியும் அப்படியே. 'உங்க படிவமும் ரொம்ப நேர்மையா இருக்கும்மா. படிச்சுச் சிரிச்சோம். ஆனா பத்தொன்பதாவது கேள்விலதான் எங்க குழு நின்னுபோச்சு' என்றார்.

அவர்கள் அனுபவத்தில், மனம் நோகச் சொல்ல விரும்பாதவர்கள்தான் அந்தக் கேள்வியை விட்டுவிடுவார்களாம். கூட இருந்து பார்த்தவரே கோடு இழுத்துவிட்டால், நாற்பது பேர் இருக்கும் வீட்டில் அந்த ஆளைச் சேர்க்க யோசிப்பார்களாம். உன்னை இரண்டாம் பட்டியலில் போட்டுவிட்டார்கள். முதல் பட்டியலில் யாராவது விலகினால்தான் உனக்கு இடம். வெள்ளிக்கிழமை எல்லாம் முடிவாகிவிடும். அதற்குள் கேட்டுவிடலாம் என்று அந்த அம்மாள் தாமாகவே அழைத்திருக்கிறார். 'இப்பவே சொல்லுங்கம்மா, நான் எழுதிக்கறேன். அந்தப் பொண்ணோட மறுபடி ஒரே வீட்டுல இருப்பீங்களா?' என்று கேட்டார்.

எழுத்தில் தருகிறேன் என்றேன். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

இன்றைக்குப் புதன். ஒரு வார்த்தையில் முடிகிற பதிலுக்கு நான் இரண்டு நாள் எடுத்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு இடம் கிடைக்காமல் போனால் உன் மதிப்பெண்ணில் குறை, நேர்காணலில் குறை என்று உன்னையே குடைந்துகொண்டிருப்பாய். அதனால் இது உனக்குத் தெரிய வேண்டும்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் சறுக்கினேனா, வேண்டுமென்றே உட்கார்ந்தேனா என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. முதலில் வேறு தாளில் எழுதிப் பார்த்தேன் என்று சொன்னேன் அல்லவா? அதில் அந்தக் கேள்விக்கு அரைப் பக்கம் பதில் எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தேன். முன்பின் தெரியாதவர்கள் படிக்கிற மாதிரி இல்லை. கிழித்துப் போட்டேன். மானம்தான் காரணம் என்று அன்றைக்கு நினைத்தேன். ஆனால் கிழிக்கும்போது, இதைப் படித்தால் உன்னைக் கட்டாயம் எடுத்துக்கொள்வார்கள் என்றும் ஒரு நினைவு வந்து போயிற்று. எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று சத்தியம் செய்யச் சொன்னால் என்னால் முடியாது. காகித ஆலையில் முப்பத்தோரு வருடம் தரம் பார்த்தவள் நான். அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேஜையில் போட்டவுடனே சில தாள்களைக் கை ஒதுக்கிவிடும். ஏன் என்று மேலாளர் கேட்ட பிறகுதான் தாளில் கறைப் புள்ளியைத் தேடுவோம்.

நீ வாடகைக்கு அறை கேட்டு வந்த நாளில் உன் சான்றிதழ் நகல்களைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 'என்ன தேடறீங்க ஆன்ட்டி?' என்றாய். 'குறை' என்றேன். 'ஆன்ட்டி என்று கூப்பிடுவதும் ஒரு குறை' என்றேன். மறுநாளே ஓனரம்மா ஆகிவிட்டேன். அதற்கப்புறம் மூன்று வருடம், கல்லூரி விட்டு வந்ததும் மூன்றாம் படியில் நின்றுகொண்டு, 'ஓனரம்மா, இன்னைக்கு என்ன குறை?' என்று கேட்காத நாள் இல்லை.

இன்று காலை எட்டு மணிக்குப் பதில் எழுதினேன். பக்கத்துக் கடையில் அதைப் படம் எடுத்து உடனே அந்த அம்மாளுக்கு அனுப்பினார்கள். மூலத்தைத் தபாலில் சேர்த்தேன். வேலைக்கு வரும் அம்மாள் துணைக்கு வந்தாள். வழியெல்லாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்து, 'சந்தோஷமா இருக்கீங்களா, கோபமா இருக்கீங்களா? ஒண்ணும் புரியலையேம்மா' என்றாள். வெயில் என்றேன்.

எழுதியதன் நகல் இது:

'ஆம். காரணம்: இந்தப் பெண் தினமும் மாலை ஆறே கால் மணிக்கு என் வீட்டுப் படியில் நின்று இன்றைக்கு என்ன குறை என்று கேட்பாள். அவளுக்குச் சொல்ல ஒரு குறை தேடித்தான் நான் பகல் முழுவதும் வீட்டைச் சுற்றி வந்திருக்கிறேன். கிடைக்காத நாட்களில் நானே உண்டாக்கியிருக்கிறேன். இவள் என் கத்தரிக்கோலை எடுத்துப் போவாள் என்று படிவத்தில் நான் எழுதியது பொய். அதை மாடியில் கொண்டுபோய் வைத்தவள் நான். என் கணவர் இறந்து ஐந்து வருடம் ஆகிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் போனதற்கும் இவள் வந்ததற்கும் இடையில் இரண்டு வருடம் இந்த வீட்டில் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. பத்தொன்பதாவது கேள்விக்கு அன்று கோடு இழுத்தது என் குறை, இவளுடையது அல்ல.'

கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டிருக்கிறேன்.

நீ கோபப்படலாம். பதில் எழுதாமலும் இருக்கலாம். ஆனால் எழுதினால் தேதி போடு.

இப்படிக்கு,
தவறு செய்தவள்


செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி

அன்புள்ள பெண்ணே,

இரண்டு வாரம் கழித்து உன் கடிதம் நேற்று வந்தது. தேதி போட்டிருந்தாய். மற்றதற்கெல்லாம் நான் பதில் எழுதப்போவதில்லை. கத்தரிக்கோல் விஷயம் முதல் மாதத்திலிருந்தே தெரியும் என்று எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் கேட்கிறேன். தெரிந்துகொண்டே மூன்று வருடம் 'ஸாரி ஓனரம்மா, மறந்துட்டேன்' என்று சொல்லிச் சொல்லிக் கொண்டுவந்து கொடுத்தாயா? உன்னைச் சாது என்று நினைத்தேன்.

சொன்னபடி அந்த வெள்ளிக்கிழமையே திட்ட அலுவலக அம்மாள் மறுபடி அழைத்தார். முகாமுக்கும் செய்தி அனுப்பிவிட்டதாகச் சொன்னார். நாற்பதில் நீ ஒருத்தி. 'சந்தோஷம்தானேம்மா?' என்று என்னையும் கேட்டார். இந்த முறை பால் பொங்கவில்லை. சந்தோஷம் என்று சொன்னேன்.

நீ முகாமிலிருந்து நேரே விமான நிலையம் போக வேண்டியிருக்கிறது, இங்கே வர நாள் இல்லை என்று உன் அம்மா ஞாயிற்றுக்கிழமை வந்து சொன்னாள். இருவருமாக உன் அறையில் இருந்ததையெல்லாம் பெட்டிகளில் அடுக்கினோம். உன் அம்மா நல்லவள், ஆனால் சட்டை மடிக்கத் தெரியவில்லை. அவள் தேநீர் குடிக்கப் போனபோது எல்லாவற்றையும் எடுத்து மறுபடி மடித்தேன். பெரிய பெட்டியில் துணி, காலணி. சிறியதில் புத்தகம், உன் அளவுகோல்கள், சிவப்பு மேஜை விளக்கு. விளக்கின் பல்பைத் தனியாகக் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறேன்.

'நீங்களும் வண்டியில வாங்க, வழியனுப்பிட்டு வரலாம்' என்று உன் அம்மா கூப்பிட்டாள். பெட்டிகளோடு இடம் இருக்காது என்றேன். இடம் இருந்தது. விமான நிலையத்தில் எல்லோர் எதிரிலும் நீ 'இன்னைக்கு என்ன குறை?' என்று கேட்டுவிட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

அறைக்கு வேறு யாராவது வருவார்களா என்று தெருவில் இருவர் கேட்டார்கள். சுவரில் ஈரம் இருக்கிறது, பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஜன்னல்களைத் திறந்துதான் வைக்கிறேன்.

நேற்று மாலை ஆறே கால் மணிக்கு நாற்காலியைப் படிக்கு எதிரே போட்டு உட்கார்ந்திருந்தேன். வேலைக்கு வரும் அம்மாள் போகும்போது, என்ன தோன்றிற்றோ, மூன்றாம் படியில் ஏறி நின்று, 'இன்னைக்கு என்ன குறைம்மா?' என்றாள். 'நீ கேட்கிற விதமே சரியில்லை, இறங்கு' என்றேன். சிரித்துக்கொண்டே போனாள். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

அங்கே முப்பத்தொன்பது பேர் இருப்பார்கள். ஈரத் துண்டை நாற்காலியில் போடாதே. பல் துலக்கும்போது பாடிக்கொள், அவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். யாராவது மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தால் போய் என்ன குறை என்று கேள். நல்ல குணத்தோடும் ஆரோக்கியத்தோடும் இரு. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும்.

பெரிய பெட்டியில், துணிகளுக்கு அடியில், பழுப்பு உறையில் என் கத்தரிக்கோல் இருக்கிறது. கைப்பைக்கு மாற்றாதே, விமானத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். இந்த முறையும் நான்தான் வைத்தேன், ஒளிக்கவில்லை. இரண்டு வருடம் முடிந்ததும் அது எனக்குத் திரும்பி வந்தாக வேண்டும். தபாலில் அனுப்பினால் வாங்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஓனரம்மா