இரும்புக்காரருக்கு டீ மட்டும்

மகனே,

லாரியைத் தேடாதே, சாவியையும் தேடாதே. இரண்டும் உன் அம்மாவோடு ஊர் சுற்றப் போயிருக்கின்றன. நீ வரச்சொன்ன பழைய இரும்புக்காரர் வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடு. டீ மட்டும்.

"பிரேக் மிதிச்சா இண்டிகேட்டர் செத்துப்போகுது, இனி இது எடைக்குத்தாம்மா" என்று நேற்று தீர்ப்புச் சொன்னாயே! கோளாறு லாரியில் இல்லையடா, உன் கைவண்ணத்தில். விலை கூடுமென்று பச்சைப் பெயின்ட் அடித்தவன், பின்விளக்கின் எர்த் வயர் உட்காரும் இடத்தையும் சேர்த்து அடித்துவிட்டாய். வயர் இரும்பைத் தொட்டால்தானே விளக்கு எரியும்? ராத்திரி பெயின்ட்டைச் சுரண்டி, வயரின் போல்ட்டை முறுக்கினேன். எரிந்த எரிப்பில் பக்கத்துத் தெருச் சேவல் விடிந்துவிட்டதென்று கூவியது!

லாரியானாலும் அம்மாவானாலும், ரிட்டயரானதையெல்லாம் எடைக்குப் போட முடியாது, தெரிந்துகொள்.

சாப்பாடு ஹாட்பாக்ஸில். கோபத்தில் பட்டினி கிடக்காதே.

பி.கு.: உன் அறைக் கண்ணாடி ஷெட் சுவரில் சாய்ந்திருக்கிறது. பிரேக்கை மிதித்தபடி பின்விளக்கைப் பார்க்க எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? நீதான் நேற்று நான் விற்கமாட்டேன் என்றதிலிருந்து பேசுவதில்லையே.

இன்னொன்று: சாயங்காலம் வாசலில் நில். லாரி உன்னைப் பார்த்துக் கண்ணடிக்கும். சிரிக்காமல் நின்று காட்டு, பார்க்கலாம்!