மேட்டு மேப்பிளும் வெள்ளைப் பொட்டும்

அன்புள்ள மெரிடித்,

நானும் அப்பாவும் நாயும் முழங்கால் வலி நீங்கலாக நலம், நாய்க்கும் முழங்கால்தான். நீ நலம் என்று எழுதினால் மட்டும் நம்புவதாயில்லை, முகத்தைக் காட்டிப் பேசு. பக்கத்துப் பண்ணை லைலின் மனைவி முந்திக்கொள்வதற்குள் ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் சேற்றில், கன்று நடத் தோண்டிய குழிக்குள் இறங்கி, உன் அம்மா முழங்கால் வரை புதைந்துபோனாள். லைல் கயிறு கட்டி டிராக்டரால் இழுத்தான், "ரோண்டா, வர்றியா, இல்ல உன்னையே நட்டுத் தண்ணி ஊத்திடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே. நான் வந்தேன், பூட்ஸ் வரவில்லை. உன் அப்பா அதன்மேலேயே கன்றை நடச் சொல்லிவிட்டார்.

போன கோடைக் காற்றில் பின்மேட்டு மேப்பிள்கள் முக்கால்வாசி விழுந்தது உனக்குத் தெரியும். ஓடைப்பக்கம் நெருக்கியடித்து நிற்கும் கன்றுகளைப் பெயர்த்து மேட்டில் வைத்துப் பார்க்கலாம், ஜூனுக்குள் துளிர்க்காவிட்டால் மேட்டை வீடு கட்டுகிறவனுக்கு விற்றுவிடலாம் என்று அப்பா செப்டம்பரில் சொன்னார். சொன்னாரே தவிர நம்பவில்லை. மார்ச்சில் மீதி மரங்களில் சாறு இறக்கிச் சிரப் காய்ச்சக்கூடப் போகவில்லை. கடையில் வாங்கிய சிரப்பை அப்பத்தில் ஊற்றி, ஒரு குறையும் சொல்லாமல் தின்றார். அதைப் பார்த்துத்தான் மனுஷன் மேட்டைக் கைகழுவிவிட்டார் என்று எனக்குப் புரிந்தது.

காட்டில் வடக்கைப் பார்த்து நின்ற பக்கம் புது இடத்திலும் வடக்கைத்தான் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வெயில் பழகாத பட்டை வெடித்துவிடும் என்பது அவர் சட்டம். அதனால் இலை இருக்கும்போதே ஒவ்வொரு கன்றின் வடக்குப்புறமும் ஒரு வெள்ளைப் பெயின்ட் பொட்டு. அவருக்குத்தான் முழங்கால் மடங்காதே, பொட்டு வைப்பது என் தலையில் விழுந்தது. ஏப்ரலில் நீ சின்ன வயதில் பனியில் சறுக்கிய சிவப்பு வண்டியில் கன்றுகளை ஏற்றி நானும் லைலும் இழுக்க, அப்பா அடிமரத்தில் உட்கார்ந்து திசைகாட்டியும் கையுமாக, "கொஞ்சம் இடது, இன்னும் கொஞ்சம், அது உன் இடதும்மா, என் இடது" என்று அதிகாரம் செய்தார். "மரத்துக்கு வடக்கு தெக்கு தெரியுமாடா ஆரின்? உனக்கே டவுனுக்குப் போனா வழி தெரியாது" என்று அப்பாவைக் கிண்டலடித்தான் லைல்.

இப்போது ஜூன். மான் கடித்த ஒன்றைத் தவிர எல்லாம் துளிர்த்துவிட்டன, என் பூட்ஸ் மேல் நிற்பதுதான் எல்லாவற்றிலும் கொழுகொழு. வீடு கட்டுகிறவன் கொடுத்த விசிட்டிங் கார்டு அடுப்புக்குப் போய்விட்டது. அப்பா காலையில் காபியோடு மேட்டுக்குப் போனால் ஆறின கோப்பையோடுதான் திரும்புகிறார். சர்ச் விருந்தில் பொட்டின் மகிமையைப் பற்றிப் பேசியே பீன்ஸை ஆறவிட்டார். லைலும் தொப்பியைக் கழற்றிவிட்டு, "நீ சொன்னதுதான்டா சரி" என்று ஒப்புக்கொண்டான். இலையுதிர் காலத்தில் அவன் காட்டுக்கும் நான்தான் பொட்டு வைக்க வேண்டுமாம், கைராசிக்காரியாம்.

அரிசோனா வெயிலில் தொப்பியில்லாமல் அலையாதே, நூடுல்ஸை இரவுச் சாப்பாடென்று சொல்லாதே. அக்டோபரில் லீவு போட்டு வா, இலை சிவக்கும்போது அப்பா உன்னிடம் ஒவ்வொரு கன்றாகக் காட்ட வேண்டும். வரும்போது எனக்கு ஒரு ஜோடி பூட்ஸ். எங்கிருந்தாலும் நீ வேர்விட்டுச் செழிப்பாய் இரு, கண்ணே.

உன்
அம்மா ரோண்டா

பி.கு.: அப்பாவிடம் உளறிவிடாதே. பொட்டு வைத்த அன்று திசைகாட்டியை வீட்டிலேயே மறந்துவிட்டேன். குனியாமல் எந்தப் பக்கம் கை எட்டியதோ, அந்தப் பக்கம் வைத்தேன்.