பெயர் எழுதாத பலகை

அக்கா,

இவ்வளவு நேரம் கழித்து எழுதுகிறேன், மன்னித்துக்கொள். குழந்தை இப்போதுதான் கண்ணை மூடினாள். அவள் முகத்தைத் தொடக்கூடத் தயக்கமாக இருந்தது. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் என் விரல்களிலிருந்து பெயிண்டு கரைக்கிற தின்னர் வாசனை போகவில்லை. உன் வாசனை அது. கடையை மூடிவிட்டு நீ தெருமுனையில் திரும்பும்போதே அது வீட்டுக்குள் வந்துவிடும். "பெயிண்டு டப்பா வந்துடுச்சி, சோத்த போடு" என்பார் அப்பா. இன்று மத்தியானம் முழுக்க நான் அந்த வாசனைக்குள் உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று சொல்கிறேன். முடிக்கும்வரை திட்டாமல் கேள்.

நாளைக் காலை பத்து மணிக்கு நம் வீட்டுப் பலகையில் பெயர் எழுதப் போகிறார்கள். வாசலுக்கு மேலே நீ வெள்ளை அடித்து, ஓர் எழுத்துகூட எழுதாமல் மாட்டினாயே, அந்தப் பலகையில்.

இந்த ஊரில் பாதிக் கோயில்களுக்கு உபயம் எழுதியவள் நீ. ட்யூப்லைட், மின்விசிறி, சுவர்க் கடிகாரம், எவர்சில்வர் அண்டா, எது வந்தாலும் கொடுத்தவர் பெயர், மனைவி பெயர், பிள்ளைகளின் பெயர், அவர்கள் படிப்பு, தெரு. திருப்புட்குழியிலிருந்து ஒருவர் ஒற்றை ட்யூப்லைட்டைக் கொண்டுவந்து குடும்பம் முழுவதையும் அதில் எழுதச் சொன்னார். நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எழுதிடலாம்ணா. வெளிச்சம் எந்தப் பக்கமா வரணும்னு சாமி கேட்டா இன்னா சொல்லுவீங்க?" என்றாய். "நீ மொதல்ல எழுதும்மா, சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார் அவர். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். உனக்குச் சாப்பாடு கொண்டுவருகிறவள், அப்படியே உட்கார்ந்து பென்சிலால் கோடு போட்டுத் தருவேன். எழுத்து பிடிபட்டது அப்படித்தான்.

அம்மாவும் போன பிறகு வீட்டை விற்றுவிடலாம் என்று முதலில் சொன்னவள் நான்தான். மறைத்து என்ன பயன். அப்பா மாகறலிலிருந்து வந்து, லாரி ஓட்டி, ஒவ்வோர் அறையாகக் கட்டிய வீடு. எனக்கு அது வெறும் பாதிப் பங்காகத்தான் தெரிந்தது. நீ ஓரிக்கை பஸ்ஸில் வைத்தே பேச்சைத் தொடங்கிவிட்டாய். "இந்த ஊர்ல மண்டபத்துக்குக் கொறச்சலா? எல்லாத்துக்கும் ஒரு பேரு இருக்குது. உள்ள போனா உன் பேர கேப்பான். பேர சொன்னா, எந்தத் தெருன்னு கேப்பான். தெருவ சொல்லிட்டா முடிஞ்சிபோச்சி, எங்க உக்காரணும்னு அவனே காட்டிடுவான். பேரே கேக்காத எடம் ஒண்ணு வேணும்டி." பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் உன் கையைக் கிள்ளினேன். நீ குரலை இன்னும் உயர்த்தினாய்.

விற்கிற பேச்சை நான் விட்டுவிட்டேன். அடுத்த மாதமே நீ நடுச்சுவரை இடித்தாய். கூடம் பெரிதானது. சாயங்காலம் பறைப் பயிற்சி. சனிக்கிழமை பெண்கள் கூடிப் பேசுவது. ஞாயிற்றுக்கிழமை கல்லூரிப் பிள்ளைகளின் நாடக ஒத்திகை. பின்சுவரில் யார் வேண்டுமானாலும் படம் போடலாம். திறந்த அன்று எதிர்வீட்டு அண்ணன் பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஊருக்கெல்லாம் எழுதுறவ வூட்டுக்குப் பெயிண்டு தீந்துபோச்சா?" என்றார். "இல்லண்ணா, காஞ்சிக்கினு இருக்குது" என்றாய். நீ இருந்தவரை அது காய்ந்துகொண்டேதான் இருந்தது.

யார் எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்வாய். பெயர் மட்டும் எழுத மாட்டாய். பட்டுக் கடையில் பெருக்கித் துடைக்கிற எஸ்தர் அக்கா ஒரு பெரிய பாய் கொண்டுவந்து, "எம் பேர ஓரத்துல சின்னதா போடேன்" என்று கேட்டபோது, "போட்டா அதுல நீ மட்டும்தான் உக்காரணும், பரவால்லியா?" என்றாய். "அடி போடி, முட்டி வலிக்கு நான் கீழயே உக்கார மாட்டேன்" என்றாள் அவள். அந்தப் பாய் இன்னும் இருக்கிறது. விளிம்பு பிரிந்துவிட்டது.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. முப்பதாம் நாள் கூடத்தில் படத்திறப்பு வைத்தோம். நான் தவறியது அங்கேதான். பேரவைக்காரர் வந்தார். அவரை உனக்குத் தெரியும். தேர்தல் சமயத்தில் ஏதாவது ஒரு கட்சி, மற்ற நாளில் தன் பெயரிலேயே ஒரு பேரவை. நாலு மின்விசிறியும் ஆறு ட்யூப்லைட்டும் வண்டியிலிருந்து இறக்கினார். உன் படத்துக்கு மாலை போட்டபோது உண்மையாகவே அழுதார். பிறகு என்னிடம் மெதுவாக, "உபயம்னு சின்னதா எழுதிடும்மா. வெளியாள் வேணாம். உங்க அக்கா பிரஷ்லயே நீ எழுதினா அவங்களுக்கும் மரியாதை" என்றார். துக்கத்துக்குக் கொண்டுவந்ததை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து, உன் பிரஷ்ஷால், பத்துப் பொருளிலும் அவர் பெயரை எழுதினேன். நன்றாகவே எழுதினேன். குழந்தை அழுதாள் என்று பிரஷ்ஷைக் கழுவாமல் அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனேன்.

அதன் பிறகு ஒவ்வொன்றும் நியாயம் போலவே வந்தது. "கைக்கொழந்தைய வச்சிக்கினு தெனமும் நீயா வந்து தெறக்கணும்?" என்று ஒரு சாவி வாங்கிக்கொண்டார். கொடுத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது. சனிக்கிழமைகளில் அவர் ஆட்கள் கூட்டம் போட்டார்கள். பெண்கள் வாசலில் கிடந்த ஆண் செருப்புகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். போன வாரம் பறைப் பிள்ளைகளை அவருடைய ஆள் ஒருவன் உள்ளே விடாமல் மறித்தான். "தலைவர் வர்ற நேரத்துல சாவு மோளமா? எந்தத் தெருடா நீங்கள்லாம்?"

நம் கூடத்துக்குள், அக்கா. அந்தக் கேள்வி. நான் பக்கத்திலேயே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டேன்.

எஸ்தர் அக்காதான் வெளியே வந்து சொன்னாள். "நீ இன்னா பாப்பா பண்ணுவ. உபயம்னு உங்கையாலயே எழுதிட்ட. எழுதிட்டா அது அவுரு வூடுதானே." அவள் குரலில் கோபம்கூட இல்லை.

இப்போது பலகை. பேரவைக்காரர் கெட்டிக்காரர், தன் பெயரை மட்டும் போடுகிறேன் என்று சொல்லவில்லை. உன் பெயரைப் பெரிதாக எழுதி, பக்கத்தில் நினைவு மன்றம் என்று போட்டு, கீழே பேரவையின் பெயர் வருமாம். "அக்கா பேருதானே போடறாங்க, இன்னா தப்பு? நீ கொழந்தைய பாரு" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஏறிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை, பயப்படுகிறார். எனக்கும் பயம்தான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பலகையில் உன் பெயரைப் பார்க்க எனக்கு ஆசையாகவும் இருந்தது.

இன்று மத்தியானம் குழந்தையை எஸ்தர் அக்காவிடம் விட்டுவிட்டுப் போய் முதலில் பூட்டை மாற்றினேன். ஏணி போட்டு ஏறி, துணியைத் தின்னரில் நனைத்துத் துடைத்தேன். மின்விசிறிகளில் பெயர் சுத்தமாகப் போய்விட்டது. ட்யூப்லைட்டில்தான் கெட்டது. நீ எழுதிய காலத்துக் கண்ணாடி இல்லை இவை, பிளாஸ்டிக். தின்னர் பட்ட இடமெல்லாம் வெந்ததுபோல மங்கிவிட்டது. மாட்டி, சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். எழுத்து இல்லை. எழுதியிருந்த இடம் மட்டும் தெரிகிறது. அந்தப் பாதி வெளிச்சத்தில் உட்கார்ந்து, யாராவது வந்துவிடுவார்களோ என்ற பயத்திலேயே அழுதேன்.

உன் பிரஷ் நான் வைத்த இடத்திலேயே கிடந்தது, அவர் பெயரின் சிவப்பு காய்ந்து விறகு போல. "எழுதின கையோட கழுவிடு. இல்லன்னா அந்தப் பேரு அதுலயே தங்கிடும்" என்பாய். ஏழு மாதமாகத் தங்கியிருந்திருக்கிறது. ஊறவைத்து விரலால் கோதிக் கோதி எடுத்தேன். முழுதாக வரவில்லை, ஓரத்து மயிர் கொஞ்சம் வளைகிறது. துணியில் சுற்றி, புதுப் பூட்டின் சாவியோடு என் கைப்பையில் வைத்திருக்கிறேன். உன்னுடையது என்று இப்போது என்னிடம் இருப்பது அதுதான்.

நாளைக்கு எஸ்தர் அக்கா வருகிறேன் என்றாள். இன்னும் நாலு பேரிடம் கேட்டேன், "பாக்கலாம்மா" என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். பேரவைக்காரர் சத்தம் போட்டால்கூட எதிர்த்து நின்றுவிடுவேன் என்று நினைக்கிறேன். அவர் உன் படத்தைக் காட்டி, "உங்க அக்கா பேர கூடவா வேணாம்ன்ற?" என்று கேட்டால்? எல்லோர் முன்னாலும் உன் பெயர் வேண்டாம் என்று என் வாயால் சொல்ல வேண்டும். யார் பெயரும் வேண்டாம் என்றாயே, அதில் உன் பெயரும் சேர்த்தியா? எத்தனையோ பேசினோம், இதைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

பத்து மணிக்கு வந்துவிடுவார்கள். சீக்கிரம் பதில் போடு அக்கா.